லிப்ரெஆபிஸ்: ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று கைவிடும் முன்

பிறர் எழுதியதைத் திருத்திப் பக்கமாக அமைத்துக் கொடுப்பது என் வேலை. யார் எந்தக் கணினியில், எந்த மென்பொருளில், எந்த எழுத்துருவில் தட்டி அனுப்புவார்கள் என்பது முன்கூட்டித் தெரியாது. வருவதைத் திறக்கவேண்டும். திறந்தது சிதறாமல் சேமிக்கவேண்டும். சேமித்ததை எழுதியவரால் மறுபடி திறக்கமுடியவேண்டும். இந்த மூன்றும் ஒழுங்காக நடந்துவிட்டால் மிச்சமெல்லாம் மொழி வேலைதான். பல ஆண்டுகளாக இந்த மூன்றுக்கும் நான் நம்பியிருப்பது லிப்ரெஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள். எழுதுவதற்கு எது வசதி என்ற ஒப்பீட்டுக்குள் நான் போகவில்லை. ஃபைல் திறக்கவில்லை, சேவ் ஆகவில்லை, திறந்தால் கட்டம் கட்டமாக வருகிறது என்று தவிக்கிற நேரத்தில் இது எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் வாழ்க்கை வரலாற்றை ஆறு ஆண்டுகளாகத் தட்டிக்கொண்டிருந்தார். 400 பக்கத்துக்கு மேல், எல்லாம் ஒரே ஃபைலில். கடைசி அத்தியாயத்தை முடித்த இரவு சேவ் கொடுத்துவிட்டு, பென் டிரைவின் விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும்போதே அதைப் பிடுங்கிவிட்டார். மறுநாள் ஃபைல் திறக்கவில்லை. அவர் பயன்படுத்திய மென்பொருள் உள்ளடக்கத்தில் சிக்கல் என்று ஒரு வரி சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. கணினி பழுதுபார்க்கிறவர் ஒருவர், ஃபைல் போய்விட்டது, புதிதாகத் தட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

“ஆறு வருஷம்மா. ஒண்ணுமே செய்யமுடியாதா?” என்று போனில் கேட்டார். குரல் கம்மியிருந்தது.

“ஐயா, அந்தப் பென் டிரைவில் இனிமேல் எதையும் போடாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். அப்படியே அனுப்பிவையுங்கள்” என்றேன்.

வந்ததும் முதலில் ஃபைலை என் கணினிக்கு நகலெடுத்தேன். மூலத்தைத் தொடவில்லை. நகலை லிப்ரெஆபிஸில் திறந்தேன். ஃபைல் சேதமடைந்திருக்கிறது, சரிசெய்து பார்க்கட்டுமா என்று கேட்டது. ஆம் என்றேன். சில நொடிகள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரையில் முதல் அத்தியாயம் வந்தது. தலைப்புப் பட்டையில், பெயருக்குப் பக்கத்தில், சரிசெய்யப்பட்ட ஆவணம் என்று அடைப்புக்குறிக்குள் இருந்தது. வேகமாகக் கடைசிவரை உருட்டிப் பார்த்தேன். எழுத்து முழுவதும் இருந்தது, அடிக்குறிப்புகள்கூட. 52 படங்களில் 17 மட்டும் வெறும் சட்டங்களாக நின்றன.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. வேர்டு 2007-உடன் வந்த டாக்எக்ஸ் வடிவமும் சரி, லிப்ரெஆபிஸின் ஓடிடி வடிவமும் சரி, உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். அதற்குள் எழுத்து ஒரு எக்ஸ்எம்எல் (குறிச்சொற்களோடு எழுதிய உரை) ஃபைலாகவும், பாணிகள் இன்னொன்றாகவும், படங்கள் தனித்தனியாகவும் கிடக்கும். ஃபைலின் நகல் ஒன்றை எடுத்துப் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்தால் நீங்களே பார்க்கலாம். இந்தப் பொட்டலத்தின் பொருளடக்கப் பட்டியல் கடைசியில்தான் எழுதப்படும். பாதியில் பிடுங்கினால் அறுந்துபோவது வால். பட்டியல் இருப்பது அந்த வாலில். பட்டியல் இல்லையென்றால் முன்னால் நல்லபடியாக இருக்கும் பகுதிகளையும் தொட மறுக்கிற மென்பொருள்கள் உண்டு. ஆனால் ஒவ்வொரு பகுதியின் தலையிலும் அதன் பெயரும் விவரமும் இன்னொரு தடவை எழுதியிருக்கும். லிப்ரெஆபிஸ் சரிசெய்யும்போது பட்டியலை விட்டுவிட்டு, முன்னாலிருந்து ஒவ்வொரு தலையாகத் தேடி எடுத்துக்கொள்கிறது. எழுத்து முன்பக்கம் இருந்ததால் பிழைத்தது. பின்னால் இருந்த படங்கள் போயின.

எல்லா ஃபைலும் இப்படிப் பிழைக்காது. நான் முதலில் செய்வது, நகலை நோட்பேடில் திறந்து முதல் இரண்டு எழுத்தைப் பார்ப்பது. ஆங்கிலப் பி-யும் கே-யும் இருந்தால் உள்ளே ஜிப் இருக்கிறது, நம்பிக்கை உண்டு. ஜிப் வடிவத்தை உருவாக்கிய பில் காட்ஸின் முதலெழுத்துகள் அவை. ஃபைலின் அளவு சரியாகக் காட்டி, திறந்தால் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வெறும் வெற்றிடமாக இருந்தால், மின்சாரம் போனபோது இடம் ஒதுக்கப்பட்டு உள்ளடக்கம் எழுதப்படாமல் நின்றுபோனது என்று அர்த்தம். அதை லிப்ரெஆபிஸாலும் மீட்கமுடியாது. பழைய நகல் எங்காவது இருக்கிறதா என்று தேடுவதுதான் வழி.

இன்னொரு வகைக் ‘கெட்டுப்போன’ ஃபைல் வரும். பழைய டாக் ஃபைலின் பெயரில் எக்ஸ் ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டு, புதிய வடிவத்துக்கு மாற்றிவிட்டேன் என்று அனுப்புவார்கள். பெயரை மாற்றினால் வடிவம் மாறாது. லிப்ரெஆபிஸ் பின்னொட்டை மட்டும் நம்பாமல் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துத் திறப்பதால், இவற்றில் பெரும்பாலானவை எந்தச் சத்தமும் இல்லாமல் திறந்துவிடும்.

சரி, மீட்பது ஒரு பக்கம். மீட்கவேண்டிய நிலையே வராமல் இருக்கச் சேமிப்பில் இது என்ன செய்கிறது என்று பார்ப்போம். இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள்.

டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ், அதில் லோட்-சேவ், அதில் ஜெனரல். அங்கே இரண்டு விஷயங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்று தானியங்கி மீட்புத் தகவல். இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒரு தடவை எழுதப்படும். இன்னொன்று காப்பு நகல். இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள்தான் வேலையை இழக்கிறார்கள். மீட்புத் தகவல், மென்பொருள் திடீரென்று விழுந்தாலோ கணினி அணைந்தாலோ மட்டும் உதவும். நீங்களே மூடி, சேமிக்கவா என்று கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அந்தத் தகவலும் அப்போதே போய்விடும். சொன்னதைத்தானே அது செய்கிறது. காப்பு நகல் வேறு வகை. நீங்கள் சேவ் கொடுக்கும்போது, அதற்கு முன்னால் சேமித்திருந்த வடிவத்தை எடுத்துத் தனி ஃபோல்டரில் பிஏகே என்ற பின்னொட்டோடு வைத்துக்கொள்ளும். ஒரே ஒரு படி பின்னால் போகலாம், அவ்வளவுதான். இரண்டு தடவை சேவ் கொடுத்துவிட்டால் பழையது காணாமல் போய்விடும்.

2024 தொடக்கத்தில் வந்த 24.2 பதிப்பிலிருந்து இந்த இரண்டும் நிறுவும்போதே இயக்கத்தில் இருக்கின்றன. ஆண்டையும் மாதத்தையும் பதிப்பு எண்ணாக வைக்கும் வழக்கமும் அந்தப் பதிப்பில்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய பதிப்பு வைத்திருப்பவர்கள் காப்பு நகலுக்கு இன்றைக்கே டிக் போட்டுவிடுங்கள். இடைவெளியை நான் 3 நிமிடமாகக் குறைத்துக்கொண்டேன். பெரிய ஃபைல் என்றால் எழுதும் நேரத்தில் ஒரு கணம் தயங்குவது தெரியும். அந்தத் தயக்கம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

‘சேமித்தேன், ஆனால் காணோம்’ என்று வரும் புகார்களில் நான் அடிக்கடி பார்ப்பது மின்னஞ்சல் இணைப்பு. மின்னஞ்சலிலிருந்தே ஃபைலைத் திறந்து, இரண்டு மணி நேரம் திருத்தி, கண்ட்ரோல்-எஸ் அழுத்திவிட்டு மூடுகிறார்கள். அப்புறம் பழைய மின்னஞ்சலில் போய்ப் பார்த்தால் திருத்தம் எதுவும் இல்லை. இணைப்பை நேரே திறந்தால் அது தற்காலிக ஃபோல்டர் ஒன்றில் இறங்கித் திறக்கிறது. சேமித்ததும் அங்கேதான். அந்த ஃபோல்டர் எப்போது துடைக்கப்படும் என்பதற்கு உறுதி கிடையாது. இந்த இடத்தில் லிப்ரெஆபிஸ் செய்வது எனக்குப் பிடிக்கும். ஃபைல் படிக்க மட்டுமான நிலையில் வந்திருந்தால், மேலே ஒரு பட்டை வரும். படிக்க மட்டும் திறந்திருக்கிறது என்று சொல்லி, திருத்தவேண்டுமானால் அழுத்து என்று ஒரு பொத்தானும் தரும். அந்தப் பட்டையைப் பார்த்த உடனே அவசரப்பட்டு பொத்தானை அழுத்தாமல், ஃபைல் மெனுவில் சேவ் ஆஸ் கொடுத்து உங்கள் ஃபோல்டரில் ஒரு பெயரில் வைத்துக்கொண்டு, பிறகு திருத்துங்கள். ஏற்கெனவே மூடிவிட்டீர்கள் என்றால், ஃபைல் மெனுவில் அண்மை ஆவணங்களின் பட்டியலைத் திறந்து அந்தப் பெயரின் மேல் சுட்டியை வையுங்கள். எந்தப் பாதையில் இருக்கிறது என்று காட்டும். கணினியை அணைக்கும் முன் இதைச் செய்தவர்களுக்கு ஃபைலை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொரு அடிக்கடி வரும் பயம், ‘இந்த ஆவணம் வேறொருவர் கையில் இருக்கிறது’ என்ற செய்தி. வீட்டில் ஒருவரே ஒருவர்தான், வேறு யார் திறந்திருக்கப்போகிறார்கள் என்று திகைக்கிறார்கள். ஒரு ஃபைலைத் திறக்கும்போது லிப்ரெஆபிஸ் அதே ஃபோல்டரில் சின்னதாக ஒரு பூட்டு ஃபைல் போடும். பெயர் ஒரு புள்ளி, ஓர் அலைக்கோடு, லாக் என்ற சொல் எனத் தொடங்கி, உங்கள் ஃபைலின் பெயரோடு ஒரு # குறியில் முடியும். உள்ளே யார், எந்தக் கணினி, எந்தத் தேதி, எந்த நேரம் என்பது போன்ற விவரங்கள் இருக்கும். ஒழுங்காக மூடினால் அது தானே அழியும். கணினி பாதியில் அணைந்தால் அங்கேயே தங்கிவிடும். அடுத்த தடவை திறக்கும்போது அதைப் பார்த்துத்தான் எச்சரிக்கிறது. உண்மையிலேயே வேறு யாரும் திறக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மறைந்திருக்கும் ஃபைல்களைக் காட்டச் சொல்லி, அந்தப் பூட்டை அழித்தால் போதும். ஆனால் ஃபோல்டர் பலர் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் இருந்தால், முதலில் அந்தப் பூட்டுக்குள் இருக்கும் பெயரைப் படியுங்கள். ஒருமுறை அதில் இருந்த பெயர் என்னோடு வேலை செய்பவருடையது. அவர் உண்மையிலேயே அத்தியாயத்தைத் திறந்துவைத்துவிட்டு எழுந்துபோயிருந்தார். அழித்திருந்தால் அவர் செய்த திருத்தத்தின் மேல் என்னுடையது ஏறியிருக்கும்.

வடிவத்தைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். டாக்எக்ஸ் ஃபைலை லிப்ரெஆபிஸில் திருத்திவிட்டு சேவ் கொடுத்தால், இதே வடிவத்தில் வைக்கவா, ஓடிஎஃப் வடிவத்தில் (ஓடிடி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்) வைக்கவா என்று கேட்கும். தொல்லை என்று நினைத்து இனி கேட்காதே என்று பலர் அணைத்துவிடுகிறார்கள். நான் அணைக்கவே மாட்டேன். வடிவம் மாறும் அந்த நொடியில்தான் விஷயங்கள் காணாமல் போகின்றன. அந்த நொடியில் ஒரு மென்பொருள் நிறுத்திக் கேட்பது பெரிய உதவி.

ஓடிஎஃப் 2006-இல் ஐஎஸ்ஓ என்ற சர்வதேச அமைப்பின் தரமானது. டாக்எக்ஸுக்கு அடிப்படையான ஓப்பன் எக்ஸ்எம்எல் 2008-இல் ஆனது. இரண்டும் வெளிப்படையான தரங்கள்தான். ஆனால் ஒன்றில் இருக்கும் எல்லாவற்றுக்கும் மற்றதில் நேரான இணை கிடையாது. அதனால் நான் செய்வது இது: வேலை நடக்கும் மூலம் எப்போதும் ஓடிடி. எழுதியவருக்கு அனுப்ப அதிலிருந்து ஒரு டாக்எக்ஸ் நகல். அவர் திருத்தி அனுப்பியதும், ஆவணங்களை ஒப்பிடும் வசதியால் என் மூலத்தோடு வைத்துப் பார்த்து, மாற்றங்களை ஒவ்வொன்றாக ஏற்றுக்கொள்வேன். ஒரே ஃபைலை ஓடிடி, டாக்எக்ஸ், மறுபடி ஓடிடி என்று மாற்றி மாற்றிச் சேமிக்கும்போது, ஒவ்வொரு சுற்றிலும் ஓர் உள்தள்ளலோ ஒரு பட்டியல் எண்ணோ நகரும். பத்து சுற்றுக்கு அப்புறம் என்ன நகர்ந்தது என்று யாராலும் சொல்லமுடியாது.

இந்த மென்பொருளில் எனக்கு ரொம்பப் பிடித்த, ஆனால் அதிகம் பேர் கவனிக்காத ஒன்றைச் சொல்லவேண்டும்: கலப்பு பிடிஎஃப். பிடிஎஃபாக ஏற்றுமதி செய்யும் பெட்டியில், ஓடிஎஃப் ஃபைலையும் உள்ளே வை என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை டிக் செய்தால் வருகிற பிடிஎஃப், எந்த பிடிஎஃப் மென்பொருளிலும் நீங்கள் அமைத்தபடியே தெரியும். அதையே லிப்ரெஆபிஸில் திறந்தால் திருத்தக்கூடிய ஆவணமாக விரியும். அளவு கொஞ்சம் கூடும். எழுதியவர் ‘அச்சில் எப்படி இருக்கும்’ என்று பார்க்கவும், நான் ஐந்து ஆண்டு கழித்து மறுபதிப்புக்குத் திருத்தவும் ஒரே ஃபைல் போதும். முடிந்த புத்தகங்களை எல்லாம் நான் இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

இனி தமிழ். நம் ஃபைல்களுக்கு நமக்கே உரிய சிக்கல்கள் உண்டு, இவற்றை இணையத்தில் ஆங்கிலத்தில் தேடினால் விடை கிடைக்காது.

லிப்ரெஆபிஸ் எழுத்துகளை மூன்று கூட்டமாகப் பிரிக்கிறது: மேற்கத்திய, ஆசிய, சிக்கலான அமைப்புள்ளவை. தமிழ் மூன்றாவதில் வரும். ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்துரு, தனி அளவு. எழுத்துருவை மாற்றினேன், ஆங்கிலம் மட்டும் மாறுகிறது, தமிழ் அப்படியே நிற்கிறது என்று புகார் வந்தால் காரணம் இதுதான். ஆப்ஷன்ஸில் மொழி அமைப்புக்குப் போய், சிக்கலான எழுத்தமைப்பை இயக்கி, மொழியாகத் தமிழைத் தேர்ந்துகொண்டால், பாணிகளில் தமிழுக்குத் தனி எழுத்துருப் பெட்டி தெரியும். அங்கே மாற்றவேண்டும். ஒரு தடவை புரிந்துவிட்டால் இது ஒரு வசதி. தமிழுக்கு 11 புள்ளி, ஆங்கிலத்துக்கு 10 புள்ளி என்று ஒரே பாணியில் வைக்கலாம். ஆங்கிலச் சொற்கள் பக்கத்தில் துருத்திக்கொண்டு தெரியாது.

2017-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் எழுத்தைக் கோத்துக் காட்ட ஹார்ஃப்பஸ் என்ற ஒரே மென்பொருள் இயந்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதாவது, ஒரே எழுத்துரு இருந்தால், கொம்பும் காலும் எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி அமரும். ஒரே எழுத்துரு இருந்தால் என்பதுதான் முக்கியம். விண்டோஸில் லதாவிலோ நிர்மலாவிலோ அமைத்த ஃபைலை அந்த எழுத்துரு இல்லாத மேக்கில் திறந்தால், வேறொன்று அந்த இடத்தைப் பிடிக்கும். அகலம் மாறும், வரி முறியும், பக்க எண் நகரும், பொருளடக்கம் பொய்யாகும். இதை எப்படிக் கண்டுபிடிப்பது? கருவிப்பட்டையில் எழுத்துருவின் பெயர் சாய்ந்த எழுத்தில் தெரிந்தால், அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லை, வேறொன்று நடித்துக்கொண்டிருக்கிறது. ஃபைல் மெனுவின் பிராப்பர்ட்டீஸில் எழுத்துருவை ஆவணத்துக்குள்ளேயே பதிக்கும் தேர்வு இருக்கிறது. எழுத்துருவின் உரிமம் அனுமதித்தால் பதியும். நான் நோட்டோ தமிழ் எழுத்துருக்களுக்கு மாறிக்கொண்டேன். திறந்த உரிமம் உள்ளவை, எல்லாருக்கும் அனுப்பலாம். ஆங்கிலத்தில் காலிப்ரி, காம்ப்ரியா இல்லாத கணினியில் அதே அகலம் கொண்ட கார்லிட்டோவும் கலடியாவும் தானாக நிற்கும், அதனால் ஆங்கிலப் பக்கங்கள் அதிகம் நகராது. தமிழுக்கு அப்படி அளவெடுத்துச் செய்த மாற்று எழுத்துரு இதனோடு வருவதில்லை.

உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய ஃபைல்கள் இன்னும் வருகின்றன: பாமினி, டிஸ்கி, டாப், டாம் போன்ற பழைய தமிழ் எழுத்துமுறைகளில். அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பையாகத் தெரியும். ஃபைல் கெட்டுவிடவில்லை, ஆங்கில எழுத்தும் குறியும் இருக்கவேண்டிய இடத்தில் தமிழ் வடிவம் வரைந்த எழுத்துரு மட்டும் இல்லை. லிப்ரெஆபிஸ் இதைத் தானாக யூனிகோடாக மாற்றாது, தனி மாற்றி வேண்டும். ஆனால் மாற்றுவதில் இருக்கும் பெரிய தலைவலியை அது தீர்க்கிறது. பழைய ஃபைலில் நடுநடுவே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருக்கும். மொத்தமாக மாற்றிக்குள் போட்டால் அவையும் தமிழ்க் குழப்பமாகிவிடும். தேடி மாற்றும் பெட்டியில் ஃபார்மேட் என்பதை அழுத்தி, பாமினி எழுத்துருவில் இருப்பதை மட்டும் தேடு என்று கொடுத்து, எல்லாவற்றையும் கண்டுபிடி என்று சொன்னால், தமிழ்ப் பகுதிகள் மட்டும் தேர்வாகி நிற்கும். ஆங்கிலம் தொடப்படாமல் இருக்கும். ஒரு ஆய்வேட்டில் இந்த ஒரு வழி எனக்கு முழுதாக ஒரு வாரத்தை மிச்சப்படுத்தியது.

யூனிகோடில் தட்டியதிலும் ஒரு கண்ணி உண்டு. ‘கௌ’ என்பதைச் சிலர் கெ போட்டு ள சேர்த்துத் தட்டுவார்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், தேடினால் அகப்படாது. பெயரடைவு தயாரிக்கும்போது ஒரே ஆள் இரண்டு இடத்தில் வருவார். பக்கம் அமைக்கும் முன் இதை ஒரு தடவை தேடித் திருத்திவிடுவேன்.

ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. வையுங்கள், தாராளமாக. ஆனால் நீளம் கவனம். ‘தமிழ்’ என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15. லினக்ஸின் வழக்கமான ஃபைல் முறையில் ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது, அதாவது தமிழில் 85 குறிகள்தான். விண்டோஸில் நிம்மதியாகச் சேமித்த ‘இரண்டாம் திருத்தம், ஆசிரியர் பார்த்தபின்’ என்றெல்லாம் ஒட்டிக்கொண்டே போய் 85 குறியைத் தாண்டிய பெயர்கள் அங்கே நகலாக மறுக்கும். காரணம் தெரியாமல் மனிதர்கள் பென் டிரைவை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். விண்டோஸுக்கும் அதன் கட்டுப்பாடு இருக்கிறது. வழக்கமான அமைப்பில் ஃபோல்டர்களோடு சேர்த்து முழுப் பாதையும் 260 எழுத்துக்குள் இருக்கவேண்டும். பெயரில் கேள்விக்குறியும் முக்காற்புள்ளியும் வரக்கூடாது. அத்தியாயத் தலைப்பை அப்படியே ஃபைல் பெயராக ஒட்டுகிறவர்கள் மாட்டுவது இங்கேதான்.

சேவ் ஆகாதபோது லிப்ரெஆபிஸ் காட்டும் செய்தி ஒரு குறை. ‘பொதுவான உள்ளீடு வெளியீட்டுப் பிழை’ என்று சொன்னால் பயனாளி என்ன செய்வார்? பெயரா, பாதையா, இடமா, அனுமதியா என்று நாமே தேடவேண்டும். நான் முதலில் அதே ஃபைலை டெஸ்க்டாப்பில் அ என்ற ஒரே எழுத்துப் பெயரில் சேவ் ஆஸ் கொடுப்பேன். சேமித்தால் சிக்கல் பெயரிலோ பாதையிலோ இருக்கிறது. டெஸ்க்டாப்பும் மறுத்து, வேறொரு புதிய ஃபோல்டரில் சேமிக்கிறது என்றால், விண்டோஸ் பாதுகாப்பில் ஃபோல்டர் அணுகல் கட்டுப்பாடு இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பேன். டாக்குமெண்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களில் தனக்குத் தெரியாத மென்பொருள்கள் எழுதுவதை அது தடுக்கும். அனுமதிப் பட்டியலில் லிப்ரெஆபிஸைச் சேர்த்தால் சரியாகிவிடும். எங்குமே சேமிக்கவில்லை என்றால், மூடாமல், எல்லாவற்றையும் தேர்ந்து நகலெடுத்து, புதிய ஆவணத்தில் ஒட்டிச் சேமித்துவிட்டுத்தான் மற்ற ஆராய்ச்சி.

ஒவ்வொரு ஃபைலிலும் மென்பொருளே விழுந்தால், ஹெல்ப் மெனுவில் இருக்கும் சேஃப் மோடை முதலில் பாருங்கள். நீட்சிகளையும் வரைகலை முடுக்கத்தையும் அணைத்துத் தொடங்கும். அதில் சரியாக ஓடினால், உங்கள் ஆவணத்தில் பிழை இல்லை, அமைப்புகளில்தான். பயனர் அமைப்பைப் புதிதாக்கும் பொத்தானும் அங்கேயே உண்டு. அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறவர்கள் பலர்; பழைய அமைப்புகள் தனி ஃபோல்டரில் இருப்பதால் அதனால் ஒன்றும் மாறாது.

அட்டவணைகளை நான் குறைவாகவே தொடுகிறேன், ஒரு விஷயம் மட்டும். சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த தரவு) ஃபைலைத் திறக்கும்போது, லிப்ரெஆபிஸின் அட்டவணைப் பகுதியான கால்க் ஒரு பெட்டியைக் காட்டி எழுத்துமுறை என்ன என்று கேட்கும். அங்கே யூடிஎஃப்-8 தேர்ந்தால் தமிழ் தமிழாக வரும். கீழே முன்னோட்டத்திலேயே தெரியும், தவறு என்றால் திறக்கும் முன்பே மாற்றலாம். அதே பெட்டியில் எண் நிரலை எழுத்து என்று குறித்தால் முன்னாலிருக்கும் பூஜ்யங்களும் உதிராது. பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் 65,536 வரிசைக்கு மேல் சேமிக்கமுடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருளில் செய்த புத்தகங்கள் கையில் இருப்பவர்களுக்கு: 2015-இல் வந்த 4.4 பதிப்பிலிருந்து அவற்றைத் திறக்கும் வசதி இருக்கிறது. பக்க அமைப்பு அப்படியே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். எழுத்தை வெளியே எடுக்க முடிகிறதே, அதுவே பெரிது.

யாருக்கு இது போதாது என்றும் சொல்லிவிடுகிறேன். எக்ஸெல் மேக்ரோக்களை (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்களை) நம்பி இயங்கும் அலுவலகத்துக்கு இது முழு மாற்று ஆகாது; அவற்றில் ஒரு பகுதிதான் இங்கே ஓடும். ஒரே ஆவணத்தில் மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுதவேண்டும் என்றால், கணினியில் நிறுவும் ரைட்டரில் (லிப்ரெஆபிஸின் எழுதும் பகுதி) அந்த வசதி இல்லை. மிதக்கும் உரைப்பெட்டிகள் நிறைந்த டாக்எக்ஸ் திறந்தால் பெட்டிகள் இடம் மாறி நிற்கலாம். பழைய கணினி வைத்திருப்பவர்கள் பதிப்பைப் பார்த்து இறக்குங்கள்; 25.8-இலிருந்து விண்டோஸ் 7, 8, 8.1 ஆதரவு நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் வேறு மென்பொருளில் எழுதுகிறவராக இருந்தாலும், இதை ஒன்று நிறுவி வைத்துக்கொள்ளுங்கள். இலவசம், மற்ற மென்பொருளோடு மோதாது. ஒரு மென்பொருள் கைவிட்ட ஃபைலை இன்னொன்றிடம் காட்டிப் பார்க்காமல் யாரும் ஆறு ஆண்டு உழைப்பைத் தூக்கிப்போடக்கூடாது.

ஆசிரியர் காணாமல்போன 17 படங்களையும் பெட்டியிலிருந்து தேடி எடுத்து மறுபடி ஸ்கேன் செய்து அனுப்பினார். இப்போது இரண்டாம் பாகம் எழுதுகிறார். அத்தியாயத்துக்கு ஒரு ஃபைல், பெயருக்கு முன்னால் தேதி, கணினியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று. போன வாரம் மூன்றாம் அத்தியாயம் வந்தது. கூடவே ஒரு வரி: “விளக்கு அணைஞ்ச பிறகுதான் எடுத்தேன்மா.”